பூட்டி வைத்த பாட்டுகள்

ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத் தெரிவு செய்வது சும்மா புத்தகத்தைப் புரட்டுகிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரு மாதம் மானிப்பாய்க்கு வந்து என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பிரசங்கத்துக்குப் பொருந்த வேண்டும், சபைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் சபையில் அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. ஒருவருடைய அடக்க ஆராதனையில் பாடிய பாட்டு அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். அந்த வீட்டார் வந்திருக்கிற ஞாயிறில் அதைப் பாடக்கூடாது. எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறிப் பாருங்கள். இரண்டாம் சரணம் வருவதற்குள் ஒரு பெண் எழுந்து வெளியே போவாள், பின்னால் இரண்டு பேர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடுவார்கள், ஆராதனை முடிந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் நான் பாட்டை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. போதகர் அங்கி மாற்றுகிற அறையின் யன்னலடியில் நின்றுகொண்டு, வாசல் படலையால் யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். இளையதம்பி மாஸ்ரர் வீட்டார் வந்தால் ஒரு பாட்டுப் போய்விட்டது. கனடாவிலிருந்து யாராவது வாடகை வாகனத்தில் வந்து இறங்கினால் நெஞ்சு பக்கென்று இருக்கும். அவர்களுடைய தகப்பனுக்கு எதைப் பாடினோம் என்று அந்த நிமிடத்தில் ஞாபகப்படுத்த வேண்டும். முதல் மணி அடித்த பிறகுதான் பலகையில் பாட்டு இலக்கங்களைக் கொழுவுவேன்.

இதனால் எனக்கும் மதுராவுக்கும் கிழமைக்குக் கிழமை சண்டை. மதுராதான் எங்களுக்குக் கீபோட் வாசிப்பவள். பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய், வாய் கொஞ்சம் நீளம்.

"அன்ரி, சனிக்கிழமை முழுக்க ஒரு பாட்டைப் பழகிக்கொண்டு வாறன். நீங்கள் மணியடிச்சாப் பிறகு வேறை ஒண்டைக் கொழுவுறியள். நான் என்ன மிசினோ?"

"மிசின் எண்டால் இவ்வளவு கதைக்காது," என்பேன்.

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசிப்பாள். நன்றாகவே வாசிப்பாள். அதை அவளிடம் நான் சொல்வதில்லை.

இந்த வழக்கத்தை நான் எல்லை மீறிக் கொண்டுபோனது என் அண்ணைக்காக. கொலின்ஸ் அண்ணை. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூன்று பேர் லண்டன், ரொறன்ரோ என்று போய்விட்டார்கள். நான் கல்யாணம் செய்யவில்லை. தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டு இருக்கிறேன். அண்ணை அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவது அவர்தான். யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தால் நான் போவதும் அவரிடம்தான். அவருடைய மனைவி குணலட்சுமி, என் குணம் மச்சாள், இறந்து இரண்டு வருடமாகிறது.

மச்சாள் கொக்குவிலில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். முறையாகச் சங்கீதம் படித்தவர். கல்யாணம் முடித்து எங்கள் தேவாலயத்துக்கு வந்த பிறகு அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியதை நான் கண்டதில்லை. ஒருதரம் கேட்டால் போதும், மெட்டு அவருக்குள்ளே போய்க் குடியிருந்துவிடும். எங்கள் கொயரில், அதாவது பாடகர் குழுவில், மச்சாள் மெட்டைப் பாடுவார். அவருக்கு ஒரு பக்கம் நான் அல்ரோ, மறுபக்கம் அண்ணை பேஸ். அல்ரோ என்றால் மெட்டுக்குச் சற்றுக் கீழே போகிற பெண்குரல். பேஸ் என்றால் அடிக்குரல். மெட்டுக்குக் கீழே, வீட்டுக்கு அத்திவாரம் கிடப்பதுபோலக் கிடக்கும். அண்ணை பேஸ் பிடித்தால் நாங்கள் இருக்கிற வாங்குப் பலகை அதிரும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

மச்சாளுக்குப் பிறகு கொயர் கலைந்தது. இரண்டு பேர் வெளிநாடு போனார்கள், ஒருத்தி கொழும்புக்குப் போனாள், மிச்சப் பேர் சபையோடு போய் இருந்துவிட்டார்கள். அண்ணை ஆண்கள் பக்கத்தில் கடைசி வாங்குக்குப் போனார். எங்கள் தேவாலயத்தில் இன்னும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். புதிதாகக் கல்யாணம் செய்ததுகள் மட்டும் கொஞ்ச நாளைக்குச் சேர்ந்திருக்கும். பிள்ளை பிறந்ததும் அதுகளும் பிரிந்துவிடும்.

அந்தக் கடைசி வாங்கில் அண்ணை புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நிற்பார். பாட்டுத் தொடங்கியதும் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைப்பார். முன்னால் இருந்து நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

முதலில் சாயங்காலப் பாட்டை ஞாயிறுப் பாட்டுகளிலிருந்து எடுத்துவிட்டேன். பாட்டுப் புத்தகத்தில் மாலை ஆராதனைக்கென்று உள்ள பாட்டு அது. மச்சாளுடைய அடக்கத்தில் பாடினோம், ஆகவே அதை எடுத்தது முறைதான். பிறகு மச்சாளுக்குப் பிடித்த பாட்டுகளை எடுத்தேன். பிறகு மச்சாள் நன்றாகப் பாடிய பாட்டுகளை. அவர் எதைத்தான் மோசமாகப் பாடினார்? அண்ணை லேஞ்சியை எடுக்கிற ஒவ்வொரு தரமும் எனக்குள்ளே ஒரு பாட்டைப் பூட்டினேன். கொயரில் நாங்கள் நான்கு குரலில் பாடிய ஞானப்பாட்டுகள் எல்லாம் இப்படியே போய்விட்டன. மிஞ்சியது கைதட்டிப் பாடுகிற புதுப் பாட்டுகள். எனக்கு அவை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அவற்றோடு இன்னும் ஒருவரையும் புதைக்கவில்லை.

போதகர் கிறிஸ்ரோபர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "அக்கா, நாங்கள் நாலைஞ்சு பாட்டைத்தானே சுத்திச் சுத்திப் பாடுறம். புத்தகத்திலை மிச்சத்துக்கு என்ன நடந்தது?"

"மிச்சம் பூட்டிக் கிடக்கு, ஐயா," என்றேன்.

அவர் கடைசி வாங்கைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நல்ல மனிதர்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு அண்ணை வரவில்லை. ஆராதனை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். நோய் நொடி ஒன்றுமில்லை. பழைய சாரத்தோடு, சவரம் செய்யாத முகத்தோடு, வளவில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் வரேல்லை?"

"இனி நான் வரேல்லை, சுகிர்," என்றார். என் பெயர் சுகிர்தம். அவருக்கு மட்டும் நான் சுகிர்.

"என்ன கதை உது? எந்தப் பாட்டு மனதைக் கஷ்டப்படுத்தினது எண்டு சொல்லுங்கோ. அதையும் எடுக்கிறன்."

"நீ எதை எடுத்தாலும் சரிவராது. அங்கை வந்து மரம் மாதிரி நிக்கிறதுக்கு இந்த வாழையோடை நிக்கலாம்."

நான் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தானே இப்போது சவரம் செய்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தானே ஒரு நல்ல சேட் போடுகிறீர்கள், அதையும் விட்டால் பிறகு என்ன மிஞ்சும் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. அண்ணை திருப்பிக் கத்தாத சண்டை எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து அழுதேன். மற்ற மூன்று பேரும் பிளேனேறிப் போனதை நான் தாங்கிக்கொண்டேன். இவர் அடுத்த ஒழுங்கையில் இருந்தபடியே என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதைத் தாங்க முடியவில்லை. அவரில்லாத தேவாலயத்தில் நான் யாருக்காகப் பாட்டுத் தேடுவது?

அடுத்த ஞாயிறும் வரவில்லை. கீபோட்டுக்கு உறை போட்டுக்கொண்டே மதுரா கேட்டாள்.

"அன்ரி, கொலின்ஸ் அங்கிளை ஒருக்காலாவது கேட்டியளோ, ஏன் பாடேல்லை எண்டு?"

"மனுசி செத்த மனுசனை ஏன் பாடேல்லை எண்டு போய்க் கேக்கிறதோ? உனக்கு ஈவிரக்கமில்லையோ?"

"கேக்காமல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போறியள். அதுதான் சொன்னனான்."

அவளுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தேன். பாவம், பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கிழமை ஒருநாள் காலை, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். முன் படலை பூட்டியிருந்தது. பின் படலையால் போனேன். கிணற்றடியில் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. கூடவே வேறொரு சத்தமும் கேட்டது. ஒரே இடத்தில் நீளமாக நின்று, கீழே விழுந்து, இரண்டு படி ஏறி, திரும்பவும் முதல் இடத்துக்கே வந்தது. முதலில் அண்ணைக்கு இழுப்பு வந்துவிட்டதென்று நினைத்தேன். வாழைக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். சொற்கள் விளங்கின. சாயங்காலப் பாட்டின் சொற்கள். ஆனால் அந்தப் பாட்டின் ஓசை எங்குமே இல்லை.

இத்தனை காலம் பாட்டுத் தெரிவு செய்கிற எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அந்தக் குரலை நான் மற்றக் குரல்களுக்குக் கீழேதான் எப்போதும் கேட்டிருக்கிறேன். தனியாக ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணை, மெட்டுப் பிழை!" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

வாளி கிணற்றுக்குள்ளே விழுந்தது. தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எது பிழை?"

"மெட்டு. உது சாயங்காலப் பாட்டின்ரை மெட்டில்லை."

அவர் துவாயை எடுத்துத் தலையைத் துடைத்தார். கிணற்றுக்கட்டில் இருந்தார். "எனக்கு மெட்டுத் தெரியாது," என்றார்.

"என்ன விசர்க்கதை. மீசை முளைச்ச காலத்திலையிருந்து கொயரிலை நிண்ட மனுசன்."

"அதைத்தான் சொல்லுறன். குரல் உடைஞ்சவுடனை என்னைப் பேஸிலை விட்டிச்சினம். எந்தப் பாட்டெண்டாலும் எனக்குப் பேஸ்தான் தெரியும். மெட்டைக் கேட்டால் இன்ன பாட்டெண்டு சொல்லுவன். ஆனால் வாயைத் திறந்தால் பேஸ்தான் வருது. மெட்டுக்குத்தான் அவள் பக்கத்திலை நிண்டாளே."

நான் உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்தேன். புட்டுப் பாத்திரம் மடியில் இருந்தது.

"அப்ப பேஸைப் பாடுறது. ஆர் வேண்டாமெண்டது?"

"பாடினனான். அவள் செத்த கையோடை, அந்தப் பின் வாங்கிலை நிண்டு பாடினனான். ஆம்பிளையள் பக்கத்திலை ஒருதரும் வாய் திறக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. நான் தனிய. முன் வாங்கிலை இருந்த பெடியள் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்கள். கிழவன் பாட்டை மறந்து உளறுது எண்டு நினைச்சிருப்பாங்கள். பேஸ் தனிய நிண்டால் அது பாட்டில்லை, பிள்ளை. உளறல்தான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? இவ்வளவு காலமும் கொயரிலை நிண்டவனுக்கு ஒரு பாட்டுப் பாடத் தெரியாதெண்டோ? பேந்து நீ ஒவ்வொரு பாட்டா எடுக்கத் தொடங்கினாய். எனக்குப் பேஸ் தெரிஞ்ச பாட்டு முழுக்கப் போச்சு. உந்தக் கைதட்டுற பாட்டுகளுக்குப் பேஸே இல்லை. அதுவரைக்கும் மனதுக்குள்ளையெண்டாலும் பாடிக்கொண்டு நிண்டனான். அதுவும் இல்லாமல் அங்கை நிண்டு என்ன செய்யிறது?"

அவர் மனம் நோகக்கூடாது என்று இரண்டு வருடமாக நான் பூட்டியதெல்லாம் அவர் நிற்கிற நிலத்தைத்தான். நானே என் அண்ணையை வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அப்ப அந்த லேஞ்சி?" என்று கேட்டேன். "பாட்டுத் தொடங்கினால் முகத்தைத் துடைப்பியளே?"

"அந்த மூலைக்கு ஃபான் காத்து வராது. எழும்பி நிண்டால் வேர்க்குது."

அவருடைய வேர்வைக்காக நான் அரைப் புத்தகத்தைப் பூட்டியிருக்கிறேன்! கோபத்தில் புட்டுப் பாத்திரத்தால் எறியலாம் போலிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினோம். அவர் சிரித்து எவ்வளவு காலம். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அழேல்லை எண்டு சொல்லேல்லை. சேமக்காலையிலை, குழியடியிலை நிண்டு அழுதனான். பாட்டுத் தொடங்கேக்கை, அவள் மெட்டை எடுப்பாள், பின்னாலை போவம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். பழக்கதோசம். பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டனான், சுகிர்."

எழுந்துபோய் அவர் பக்கத்தில் கிணற்றுக்கட்டில் இருந்தேன். சவர்க்கார மணம் வந்தது.

"வாற ஞாயிறு வாங்கோ," என்றேன். "சாயங்காலப் பாட்டைப் போடுறன். நான் உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு மெட்டுப் பாடுறன்."

"உனக்கு அல்ரோவெல்லோ."

"எனக்கு மெட்டும் தெரியும். உங்களைப் போலை இல்லை."

"மேலை போனால் உன்ரை குரல் கீச்சிடும்."

"கீச்சிடட்டும்."

"அது அவளின்ரை அடக்கத்திலை பாடினது. சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு நான் மறுமொழி சொல்லுறன்."

அவர் துவாயைப் பிழிந்து தோளில் போட்டார். "ஒருக்கா வாறன். சரிவராட்டி, பேந்து என்னைக் கேக்கப்படாது. எப்பவும் கேக்கப்படாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணும்போதே பயமாக இருந்தது. கிணற்றிலிருந்து வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதுரா வீட்டுக்குப் போய், புத்தகத்தில் உள்ளபடி நான்கு குரலையும் வாசிக்கச் சொன்னேன். தாளப்பெட்டிச் சத்தம் ஒன்றும் வேண்டாம், இடது கை நன்றாகக் கேட்க வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். வாய்க்காரி மதுரா உடனே கீபோட்டில் போய் இருந்தாள். இடது கையை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. "நேற்று உன்னை ஏசினது பிழை," என்று மட்டும் சொன்னேன். ஏசியது நேற்றல்ல, அதை அவள் திருத்தவுமில்லை.

ஞாயிறு அண்ணை வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, ஆண்கள் பக்கத்தில் அதே கடைசி வாங்கில் இருந்தார். சுவரைப் பிடித்தபடி, எந்த நேரமும் எழுந்து போகிறவர் போல இருந்தார். பலகையில் முதல் பாட்டின் இலக்கத்தை மட்டும்தான் கொழுவியிருந்தேன். முதல் பாட்டுக்கு நான் என் இடத்திலேயே நின்றேன். வேத வாசிப்பு முடிந்து போதகர் அடுத்த பாட்டின் இலக்கத்தைச் சொன்னதும் புத்தகம் புரட்டிய கைகள் நின்றுவிட்டன. எல்லாருக்கும் அது யாருடைய பாட்டு என்று தெரியும். எல்லாத் தலையும் கடைசி வாங்குப் பக்கம் திரும்பியது.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து நடுப்பாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் போனேன். யாரோ "உவவுக்கு என்ன பிடிச்சது?" என்று முணுமுணுத்தது கேட்டது. கடைசி வாங்கில் அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கொயரில் மச்சாள் நின்ற அதே பக்கத்தில் எனக்கு இடம் விட்டு, அவர் மறுபக்கம் தள்ளி நின்றார். அந்த இடத்தில் நின்று புத்தகத்தை விரித்தேன்.

மதுரா தொடங்கினாள். ஒருவரும் பாடவில்லை. அண்ணைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் சபை முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது. முதல் வரியை நான் ஒருத்திதான் பாடினேன். மேலே போகிற இடத்தில் குரல் கீச்சிட்டது. முன் வாங்குப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவருடைய கை புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டாவது வரியையும் தனியாகவே பாடினேன். ஆண்டவரே, இவரை விட்டுவிடாதேயும் என்று பாட்டுக்கு நடுவில் மன்றாடினேன்.

மூன்றாவது வரியில் என் காலுக்குக் கீழே ஏதோ வந்தது. கிணற்றடியில் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இப்போது அது உளறல் இல்லை. என் கீச்சுக் குரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. மதுராவின் இடது கை அதோடு சேர்ந்துகொண்டது. பையன்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். சிரிக்கவில்லை. ஒருவன் வாயைத் திறந்து பாடவும் தொடங்கினான். பெண்கள் பக்கம் முழுக்கப் பாடியது. அண்ணை நிறுத்தவில்லை. வாங்கு அதிர்ந்தது. பகிடி இல்லை, உண்மையாகவே அதிர்ந்தது.

கடைசிச் சரணத்தில்தான் எனக்கு அது உறைத்தது. அல்ரோவில் நின்ற காலம் முழுக்க எனக்கு இது தெரியாது. மெட்டில் நின்றால்தான் தெரிகிறது, அண்ணையின் குரல் மேலே இருப்பவரை எப்படித் தாங்குகிறது என்று. குணம் மச்சாளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் இது கிடைத்தது. அவர் அப்படிப் பாடியதில் அதிசயமில்லை. மச்சாளை நினைத்ததும் என் குரல் நின்றுவிட்டது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

பக்கத்தில் அண்ணையின் குரல் தடுமாறியது. ஓரடியைப் பிழையாகப் பாடினார். அவர் முழங்கையால் என்னை இடித்தார். திரும்பிப் பார்த்தேன். அவருடைய கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. இந்தமுறை அது வேர்வை இல்லை.

"பாடு, பிள்ளை," என்றார். "நீ நிப்பாட்டினால் நான் எங்கை போறது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீச்சிட்டபடியே, விட்ட இடத்திலிருந்து பாடினேன். அவர் மெட்டுக்குக் கீழே வந்தார்.